16 பல்லா, 19 பல்லா? நைட்ரோ டிரக்குக்கு கியர் பார்த்து எடுப்பது எப்படி

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். கதை இதுதான். அவர் கையில ஒரு நைட்ரோ மான்ஸ்டர் டிரக் இருக்கு. ரெண்டு ஸ்பீடு கியர்பாக்ஸ், பெரிய டயர். கிளட்ச் பெல்லில் 16 பல். வேகம் பத்தலைன்னு 19 பல் கிளட்ச் பெல் வாங்கி மாட்டியிருக்கார். கணக்குப்படி வேகம் கிட்டத்தட்ட 19 சதவீதம் ஏறியிருக்கணும். ஆனா வண்டி முன்னைவிட மெதுவா போகுது, கிளம்பும்போது திணறுது, ஓட்டி முடிச்சதும் ஒரு கருகல் வாசனை வருது. "புரோ, என் கணக்கு தப்பா, இல்ல வந்த பார்ட் தப்பா?"

ரெண்டுமே தப்பில்ல. கணக்கு பாதியில நிக்குது, அவ்வளவுதான். மீதிப் பாதியைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

ஆர்.சி. உலகத்துக்குப் புதுசா வந்தவங்களுக்கு ஒரு நிமிஷம். நைட்ரோ டிரக் பேட்டரி மோட்டாரில் ஓடுற பொம்மை கிடையாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூணும் கலந்த எரிபொருளில் ஓடுற குட்டி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அதுக்குள்ள இருக்கு. ட்ராக்சஸ் ரெவோ 3.3 என்ற பெயரில் இருக்கிற 3.3 அந்த எஞ்சினின் சி.சி. ஹெச்.பி.ஐ. சாவேஜ் 21 என்பதில் வரும் 21, 0.21 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.5 சி.சி. நம்ம 100 சி.சி. பைக்கோடு ஒப்பிட்டா ஒரு மடக்கு காபி அளவுகூட இல்ல. ஆனா நிமிஷத்துக்கு 30,000 சுற்று சுத்தும். அந்தச் சுற்று அப்படியே டயருக்குப் போனா என்ன ஆகும்? 15 செ.மீ. டயரை வெச்சுக் கணக்குப் போட்டா மணிக்கு 800 கி.மீ.க்கு மேல வரும். விமான வேகம்! எஞ்சினுக்கு அவ்வளவு வலு கிடையாது. அதனால்தான் நடுவில் பல்சக்கரங்கள். சுற்றைக் குறைச்சு, அதுக்குப் பதிலா இழுக்கும் விசையைக் கூட்டித் தர்றது அதோட வேலை.

எஞ்சினிலிருந்து வெளிய வர்ற முதல் சின்னச் சக்கரம் கிளட்ச் பெல். அது சுத்தவைக்கிற பெரிய சக்கரம் ஸ்பர் கியர். அதுக்கு அப்புறம் கியர்பாக்ஸ், அதுக்கு அப்புறம் டிஃபரென்ஷியல், கடைசியா டயர். நாம சுலபமா மாத்தக்கூடியது முதல் ரெண்டு மட்டும்தான். உள்ளே இருக்கிறதை அப்படியே விட்டுடுவோம்.

இப்ப எண்களுக்கு வருவோம். கணக்கு எளிதா இருக்கணும்னு நானே தேர்ந்தெடுத்த எண்கள் இவை. உங்க டிரக்கின் மேனுவலில் உள்ளதைப் போட்டுப் பாருங்க. ஸ்பர் 48 பல், கிளட்ச் பெல் 16 பல். 48ஐ 16ஆல் வகுத்தா 3. கியர்பாக்ஸும் டிஃபும் சேர்ந்து ரெண்டாவது கியரில் 5, முதல் கியரில் 7ன்னு வெச்சுக்குவோம். ஆக, ரெண்டாவது கியரில் மொத்தம் 15, முதல் கியரில் 21. எஞ்சின் 15 தடவை சுத்தினா டயர் ஒரு தடவை சுத்தும்னு அர்த்தம்.

15 செ.மீ. விட்டமுள்ள டயரின் சுற்றளவு சுமார் 471 மி.மீ. அதை 15ஆல் வகுத்தா 31.4 மி.மீ. எஞ்சின் ஒரு சுற்று சுத்தினா வண்டி இவ்வளவு தூரம் நகருது. இதுக்கு ரோல்அவுட்னு பேர். எனக்குக் கேட்டா, கியர் விகிதத்தைவிட இந்த எண்ணைத்தான் மனசுல வெச்சுக்கணும். ஏன்னா இதில் டயரும் சேர்ந்திருக்கு. 30,000 சுற்றில் இதைப் பெருக்கினா மணிக்கு 56 கி.மீ. சொச்சம். முதல் கியரில் இதே கணக்கு 40 கி.மீ. தருது.

இப்ப நம்ம நேயரின் 19 பல். 48ஐ 19ஆல் வகுத்தா 2.53. மொத்த விகிதம் 12.6, ரோல்அவுட் 37.3 மி.மீ., வேகம் மணிக்கு 67 கி.மீ. அவர் கணக்கு சரிதான் பாருங்க. ஆனா அந்தக் கணக்குக்குள்ள சத்தமில்லாம ஒரு நிபந்தனை உட்கார்ந்திருக்கு: எஞ்சின் அப்பவும் 30,000 சுற்றைத் தொடணும். தொடுமா?

தொடாது. காற்று விடாது. காற்றின் எதிர்ப்பைத் தாண்டிப் போக வேண்டிய சக்தி, வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். வேகம் 1.19 மடங்கு ஆகணும்னா அதுக்கு மட்டும் ஏறக்குறைய 1.67 மடங்கு சக்தி வேணும். அதாவது 67 சதவீதம் அதிகம். 16 பல்லிலேயே எஞ்சின் தன்னால முடிஞ்சதை முழுசா கொடுத்துட்டு இருந்ததுன்னா, மீதி 67 சதவீதம் எங்கிருந்து வரும்? கியர் சக்தியை உண்டாக்குற பொருள் இல்ல. இருக்கிற சக்தியை எப்படிச் செலவு பண்றதுங்கிறதை மட்டும்தான் அது தீர்மானிக்கும். சம்பளம் ஏறாம வாடகை ஏறின மாதிரிதான் இது.

இதோட நிக்கல. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குச் சக்தி எல்லாச் சுற்றிலும் ஒரே மாதிரி வராது. மேலே ஒரு குறுகின பகுதியில்தான் கொட்டும், அதுக்குக் கீழே சோம்பிக் கிடக்கும். 19 பல்லோடு வண்டி மணிக்கு 54 கி.மீ.ல தேங்கி நின்னுச்சுன்னா அப்ப எஞ்சின் சுமார் 24,000 சுற்றில் இருக்கும். தன் பலம் வெளிப்படும் இடத்துக்கே அது போய்ச் சேரல. அதனால்தான் பழைய வேகத்தைவிடக் கம்மி.

கருகல் வாசனை? அதுக்குக் காரணம் கிளட்ச். நைட்ரோ டிரக்கின் கிளட்ச் கையால பிடிக்கிறது இல்ல. எஞ்சின் வேகம் ஏற ஏற, உள்ளே இருக்கும் கிளட்ச் ஷூக்கள் வெளிப்பக்கம் விரிஞ்சு பெல்லின் உள்சுவரைப் பிடிக்கும். ஸ்கூட்டியில் இருக்கிற அதே கதை. பிடிக்கிற வரைக்கும் உரசும். 19 பல் போட்டதும் டயரில் கிடைக்கும் இழுவிசை 16 சதவீதம் குறைஞ்சுடுச்சு. வண்டி மெதுவா கிளம்புது, உரசல் நேரம் நீளுது. பைக்கை தேர்ட் கியரில் வெச்சு, பின்னாடி ஒரு ஆளையும் ஏத்திக்கிட்டு சிக்னலில் கிளப்பிப் பார்த்திருக்கீங்களா? அந்த வாசனைதான் இது. பெல் நீலமா நிறம் மாறினா, உள்ளே இருக்கிற சின்ன பேரிங்குகள் அடுத்து போகப் போகுதுன்னு வெச்சுக்கங்க. சூட்டில் கிரீஸ் கருகி, பேரிங் இறுகி, பெல் கிராங்க் ஷாஃப்டோடு ஒட்டிக்கிட்டா ஐடிலில்கூட வண்டி நகர ஆரம்பிச்சுடும்.

எலெக்ட்ரிக் ஆர்.சி. ஓட்டினவங்க இங்கேதான் ஏமாறுவாங்க. எலெக்ட்ரிக் மோட்டார் நின்ன இடத்திலேயே முழு முறுக்கு விசை தரும். அதனால உயர்ந்த கியர் போட்டாலும் கிளம்பிடும். தண்டனை சூடா, பேட்டரி காலியாகிறதா பின்னாடி வரும். நைட்ரோவில் தண்டனை கிளம்புற இடத்திலேயே வந்துடும்.

சரி, அப்ப எந்தக் கியர்? பெட்டி மேல போட்டிருக்கிற டாப் ஸ்பீடை மறந்துடுங்க. முதல்ல, நீங்க ஓட்டுற இடத்தின் நீளத்தை எடுங்க. நான் சீரியஸா சொல்றேன், டேப் இல்லன்னா காலடி வெச்சு அளங்க.

எதுக்குன்னு பாருங்க. வண்டியின் வேகம் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 4 மீட்டர் கூடுது, பிரேக் பிடிச்சா அதே அளவு குறையுதுன்னு எடுத்துக்குவோம். மணிக்கு 56 கி.மீ. தொட 31 மீட்டர் ஓடணும். நிக்க இன்னொரு 31 மீட்டர். ஆக 62 மீட்டர் நேர்கோடு. 67 கி.மீ.க்கு இதே கணக்கில் 86 மீட்டருக்கு மேல. அதுவும் உயர்ந்த கியரில் அதே மாதிரி வேகமெடுக்கும்னு தாராளமா விட்டுக்கொடுத்தாத்தான். இப்ப உங்க அப்பார்ட்மென்ட் பேஸ்கட்பால் கோர்ட்டை நினைச்சுப் பாருங்க. முழு அளவு கோர்ட்டே 28 மீட்டர்தான். பாதியில் பிரேக் பிடிக்கணும்னா 14 மீட்டரில் எடுக்க முடியுற வேகம் மணிக்கு 38 கி.மீ. நம்ம உதாரண வண்டியில் முதல் கியரே 40 வரைக்கும் போகுது! அதாவது அந்தக் கோர்ட்டில் ரெண்டாவது கியர் விழவே விழாது. அங்கே ஓட்டுறவர் 19 பல் போட்டு என்ன பண்ணப் போறார்? அவருக்கு 15, 14தான் சரி. வண்டி பாய்ஞ்சு கிளம்பும், மூலையில் திரும்பி வெளிய வரும்போது சட்டுனு எடுக்கும். பார்க்கிறவனுக்கும் அதுதான் வேகமா தெரியும். சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குச் சொல்லணும்னா, நமக்கு இங்கே லேட்டன்சிதான் பிரச்சினை, த்ரூபுட் இல்ல.

மணல், நீளமான புல், மேடு இதெல்லாம் இருந்தா இன்னும் கீழே இறங்குங்க. தார் ரோடு மாதிரி கெட்டியான, நீளமான தரைன்னா ஒரு பல் ஏத்திப் பார்க்கலாம். ஒரு பல்தான். மூணு பல் ஒரே தடவையில் ஏத்துறது, டெஸ்ட் பண்ணாம வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடு ஏத்துற மாதிரி.

ஒரு பல் எவ்வளவு பெரிய மாற்றம்னு பலருக்குப் புரியுறதில்ல. கிளட்ச் பெல்லில் 16லிருந்து 17க்குப் போனா 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. ஸ்பரில் 48லிருந்து 47க்குப் போனா வெறும் 2 சதவீதம். அதனால பெரிய மாற்றம் வேணும்னா பெல், நுணுக்கமா திருத்தணும்னா ஸ்பர். 17க்கு 48 போடுறதும் 16க்கு 45 போடுறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இதுல எல்லாரும் விட்டுடுற ஒரு விஷயம் டயர். 15 செ.மீ. டயரை எடுத்துட்டு, பார்க்க கெத்தா இருக்கும்னு 17 செ.மீ. டயர் மாட்டினா ரோல்அவுட் 13 சதவீதம் ஏறிடும். பெல்லில் ரெண்டு பல் ஏத்தினா 12.5 சதவீதம். ஆக, கியர் பக்கமே போகாம ரெண்டு பல்லுக்கு மேல ஏத்தியாச்சு! டயர் பெரிசானா பெல்லை ரெண்டு பல் இறக்குங்க, பழைய இடத்துக்கு வந்துடும். இன்னொண்ணு, மான்ஸ்டர் டிரக்கின் மெத்து மெத்து டயர் முழு வேகத்தில் பலூன் மாதிரி ஊதும். நிக்கும்போது அளந்த விட்டம் ஓடும்போது இருக்காது. காகிதக் கணக்குக்கும் ஜி.பி.எஸ். காட்டுறதுக்கும் வித்தியாசம் வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கு முடிஞ்சா மீதி காது வேலை. உங்க இடத்தின் நீளமான நேர்கோட்டில் முழு த்ராட்டிலில் விட்டுக் கேளுங்க. பாதி தூரத்திலேயே சத்தம் உச்சத்துக்குப் போய், அதுக்கு மேல ஏறாம ஒரே ஸ்வரத்தில் கத்திக்கிட்டே போகுதா? கியர் கம்மி, ஒரு பல் ஏத்தலாம். பிரேக் பிடிக்கிற இடம் வந்தும் சத்தம் இன்னும் ஏறிக்கிட்டே இருக்குதா, உச்சத்தைத் தொடவே இல்லையா? கியர் அதிகம், இறக்குங்க. பிரேக் பிடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி உச்சத்தைத் தொட்டா, அதுதான் உங்க இடத்துக்கான கியர். காதை நம்பாதவங்க போனில் ஸ்லோமோஷன் எடுங்க. 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஃப்ரேமை எண்ணினா நேரம் கிடைச்சுடும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் பண்ணுங்க. கியரையும் நீடிலையும் சேர்த்து மாத்தினா எது என்ன பண்ணுச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

ரெண்டு ஸ்பீடு வண்டியில் இன்னொரு சிக்கல் இருக்கு. முதல் கியரில் 21, ரெண்டாவதில் 15. 28,000 சுற்றில் கியர் மாறினா எஞ்சின் ஒரே அடியா 20,000க்கு விழும். பெரிய பெல் போட்டு, காற்றும் எதிர்த்து நின்னா, 20,000லிருந்து ஏற முடியாம வண்டி ஐயோன்னு நிக்கும். சில சமயம் மறுபடி முதல் கியருக்கு விழுந்து, திரும்ப ஏறி, இப்படியே தடுமாறும். கியர்பாக்ஸில் இருக்கிற ஷிஃப்ட் ஸ்க்ரூவைத் திருப்பி மாற்றத்தைத் தள்ளிப் போடலாம். எட்டில் ஒரு பங்கு திருப்பு போதும், எந்தப் பக்கம்னு மேனுவல் பாருங்க. ஆனா அடிப்படை விகிதமே தப்பா இருக்கும்போது ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டுறது வீண்.

இப்ப சூடு. எஞ்சின் தலையில் க்ளோ பிளக் பக்கம் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் காட்டினா பொதுவா 100லிருந்து 130 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கணும். கருவி இல்லையா, தலையில் ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. தோசைக்கல் டெஸ்ட்தான். பட்டதும் சுர்ருனு தெறிச்சு மறைஞ்சா சூடு அதிகம். சில விநாடி கொதிச்சு ஆவியானா சரி. சும்மா உட்கார்ந்திருந்தா எஞ்சின் இன்னும் சூடாகல.

சூடு அதிகம்னா பழி உடனே கியர் மேல போடக் கூடாது. நீடில் லீனா இருந்தாலும் சூடாகும், அதுதான் பெரிய ஆபத்து. டூ ஸ்ட்ரோக்குக்கு எண்ணெய் எரிபொருளில்தான் வருது. எரிபொருள் குறைஞ்சா எண்ணெயும் குறையும், பிஸ்டனும் ஸ்லீவும் காய்ஞ்சு உரசும். அதனால கலவையை முதல்ல சரி பண்ணுங்க. புகை நல்லா தெரியுது, கலவை சரி, இருந்தும் சூடு ஏறிக்கிட்டே போகுது, கிளம்ப மந்தமா இருக்குன்னா அப்ப கியரைச் சந்தேகப்படலாம். அதுக்காக ரொம்பக் கீழே இறங்கினாலும் நிம்மதி இல்ல. இந்த எஞ்சின்களில் ரெவ் லிமிட்டர் கிடையாது. பெரிய மைதானத்தில் 13 பல்லோடு முழு த்ராட்டில் பிடிச்சுக்கிட்டே போனா, சுமையே இல்லாம எல்லை மீறிச் சுத்தும். கனெக்டிங் ராட் ஒரு நாள் கையை விரிக்கும்.

மாட்டுற வேலையைப் பத்திச் சுருக்கமா. பல்லின் அளவு ரெண்டு சக்கரத்திலும் ஒண்ணா இருக்கணும். மாட்யூல் 1ன்னா ஒரு பல்லுக்கு விட்டத்தில் 1 மி.மீ. 16 பல், 48 பல் சக்கரங்களின் மையங்களுக்கு நடுவே 32 மி.மீ. ஒரு பல் கூட்டினா எஞ்சினை அரை மி.மீ. பின்னாடி தள்ளணும். மவுன்ட்டில் அவ்வளவு இடம் இருக்கான்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாருங்க. 32 பிட்ச் என்பது 0.794 மாட்யூல், அதனால 0.8 மாட்யூலோடு ஏறக்குறைய பொருந்துற மாதிரி தெரியும். மாட்யூல் 1ஓடு 32 பிட்ச் சேரவே சேராது, பல்லைத் தின்னுடும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு நோட்டுப் புத்தகத் தாள் துண்டை விட்டு இறுக்கி, அப்புறம் தாளைச் சுத்தி வெளிய எடுங்க. தாள் கிழியாம மடிப்பு மடிப்பா வந்தா இடைவெளி சரி. பிளாஸ்டிக் ஸ்பர் அடிக்கடி போகுதுன்னு சிலர் ஸ்டீல் போடுவாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்ல. பிளாஸ்டிக் ஸ்பர் ஒரு ஃபியூஸ். அது உடையலன்னா அடுத்து உடையுறது கியர்பாக்ஸுக்குள்ள இருக்கும், செலவும் அங்கேதான் இருக்கும்.

கணக்குப் பைத்தியங்களுக்கு ஒரு சின்ன மிட்டாய்: 48க்கு 16 போட்டா, பெல்லின் ஒவ்வொரு பல்லும் ஸ்பரின் அதே மூணு பற்களை மட்டும்தான் காலம் முழுக்கச் சந்திக்கும். ஒரு பல்லில் சேதம்னா அது அதே இடத்தைத்தான் கொத்திக்கிட்டே இருக்கும். 17 போட்டா எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் சந்திச்சுடும், தேய்மானம் பரவலாகும்.

வேகம் பத்தலைன்னு கேக்குற எல்லாருக்கும் இன்னொரு எண். 5 கிலோ வண்டி மணிக்கு 56 கி.மீ.ல மோதினா, அது சுமார் 12.5 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலாவது மாடியிலிருந்து, 5 கிலோ அரிசிப் பை விழுறதுக்குச் சமம். 67 கி.மீ.ல அது 17 மீட்டரைத் தாண்டும். கோர்ட் ஓரத்தில் சின்னப் பசங்க நின்னு வேடிக்கை பார்க்கிற இடத்தில் எனக்கு 14 பல்லே போதும்.

நம்ம நேயருக்கு என் பதில்: 16ஐத் திரும்ப மாட்டுங்க. பெல்லின் பேரிங்கையும் கிளட்ச் ஷூவையும் கழட்டிப் பாருங்க, நிறம் மாறியிருந்தா புதுசு போடுங்க. அப்புறம் மைதானத்தை அளந்து, நேர்கோடு எத்தனை மீட்டர்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் ஹை ஸ்பீடு நீடில், லோ ஸ்பீடு நீடில் ரெண்டையும் எந்த வரிசையில் தொடணும்னு பார்க்கலாம்.